மன்னர் செலவில் மறைபரப்பு: மெக்சிகோவின் முதல் துறவியர்

அவையோருக்கு வணக்கம்.

ஸ்பானியர் அமெரிக்காவைப் பிடித்த கதையில், துறவியரைக் கொள்ளைக்காரரின் கூட்டாளிகள் என்பார் ஒருசாரார். ஏழைகளின் காவலர் என்பார் மறுசாரார். இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. அவர்களுக்குப் படியளந்தது யார் என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். 1508-இல் திருத்தந்தை இரண்டாம் ஜூலியஸ், அங்கே ஆயர்களை முன்மொழியும் உரிமையை ஸ்பானிய அரசுக்கே கொடுத்துவிட்டார். துறவியரின் கப்பல் செலவு, திருப்பலிக்கான திராட்சை ரசம், கோயில் விளக்குக்கான எண்ணெய் எல்லாம் அரசுக் கணக்கு. அங்கே போன ஸ்பானியக் குடியேறிகளை அவர்கள் எதிர்க்கலாம். மன்னரை எதிர்த்து நிற்க இடமில்லை.

1511-இல் கரீபியத் தீவு ஒன்றிலிருந்த ஸ்பானிய நகரான சான்டோ டொமிங்கோவில், டொமினிக்கன் என்ற சபையைச் சேர்ந்த துறவி மொன்டெசினோஸ், அத்தீவின் பூர்வகுடிகளைச் சுட்டி, "இவர்கள் மனிதர் இல்லையா?" என்று குடியேறிகளின் முகத்துக்கு நேரே கேட்டார். அந்தத் துணிவை நான் மனமாரப் போற்றுகிறேன். அதன் விளைவாக 1512-இல் வந்த புர்கோஸ் சட்டங்கள் உணவு, ஓய்வு, வேலை பற்றி விதி வகுத்தன. பூர்வகுடிகளின் கட்டாய உழைப்பை மட்டும் ஒழிக்கவில்லை.

1524-இல் பிரான்சிஸ்கன் என்ற இன்னொரு சபையின் துறவியர் பன்னிரண்டு பேர் மெக்சிகோவில் இறங்கினார்கள். பன்னிரண்டு பேர் ஒரு நாட்டை எப்படி மதம் மாற்ற முடியும்? பெரியவர்களை விட்டுவிட்டு, பூர்வகுடிப் பிரபுக்களின் பிள்ளைகளை மடத்திலேயே தங்கவைத்துப் படிப்பித்தார்கள். அந்தச் சிறுவர்களே மொழிபெயர்த்தார்கள், சிலைகளை உடைத்தார்கள், வீட்டு வழிபாட்டைக் காட்டியும் கொடுத்தார்கள். ட்லாஸ்கலாவில் கிறிஸ்தோபல் என்ற சிறுவன் 1527-இல் சொந்தத் தந்தையின் கையால் மாண்டான். வீட்டுக்குள்ளேயே பகை மூட்டிய இந்த முறையை என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்த சிக்கல் திருமுழுக்கு. முழுச் சடங்கில் உப்பு, எச்சில், எண்ணெய், மெழுகுவத்தி என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே செய்யவேண்டும். ஆயிரக்கணக்கில் வந்து நின்றபோது, சிலருக்கு மட்டும் அவற்றைச் செய்து, எல்லாருக்கும் தண்ணீர் ஊற்றினார்கள் பிரான்சிஸ்கன்கள். செல்லாது என்று மற்றச் சபையினர் சண்டைக்கு வந்தார்கள். 1537-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல், நடந்தவை செல்லும், இனி அவசரம் தவிர முழுச் சடங்கு வேண்டும் என்று தீர்த்துவைத்தார்.

சிதறிக்கிடந்த சிற்றூர்களைக் கோயிலைச் சுற்றிக் குடியமர்த்தியதும் துறவியருக்கு வசதியான ஏற்பாடுதான். ஒருவரே பலருக்குப் போதிக்கலாம். கொள்ளைநோய்க்கும் அந்த நெருக்கம் தோதானது. 1545-இல் மெக்சிகோ நகரை ஒட்டிய ட்லாட்டலோல்கோவில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட உடல்களைத் தாமே அடக்கம் செய்ததாக எழுதுகிறார் பிரான்சிஸ்கன் துறவி சஹாகுன்.

இந்த சஹாகுன்தான் மடத்தில் படித்த, நாவாட்டில் என்ற பூர்வகுடி மொழி பேசும் மாணவர்களோடு அவர்களின் தெய்வங்கள், மருந்து, வாணிகம், போர் எல்லாவற்றையும் 12 நூல்களாகத் தொகுத்தவர். நோய் தெரியாமல் மருத்துவன் மருந்து கொடுக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். பழைய வழிபாட்டை ஒழிக்கத் தொடங்கிய வேலை, அதை அறிய நமக்கு வாய்த்த மிகப்பெரிய ஆவணமாக முடிந்தது. 1577-இல் இரண்டாம் பிலிப் மன்னர், பிரதி ஒன்றும் மிஞ்சாமல் கைப்பற்றி அனுப்பும்படி ஆணையிட்டார். ஐரோப்பாவுக்குப் போன ஒரு பிரதி, படங்களோடு இன்றும் ஃபிளாரன்ஸ் நூலகத்தில் இருக்கிறது.