ஊசிக்கு முன் ஒரு மணி நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

குழந்தையைப் படுக்கவைத்து, இருவர் கைகாலை அழுத்திப் பிடித்துக்கொள்ள, 'வலிக்கவே வலிக்காது' என்று சொல்லிக்கொண்டே ஊசி குத்தும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. குழந்தைகள் நல மருத்துவராகிய நானும் தொடக்கக் காலத்தில் அப்படிச் செய்தவன்தான். அதை நினைக்கையில் இன்றும் மனம் உறுத்துகிறது.

1980கள் வரை, பச்சிளங்குழந்தைக்கு வலியை முழுமையாக உணரும் அளவுக்கு நரம்பு மண்டலம் முதிர்ந்திருக்காது என்றே மருத்துவர்கள் பலர் நம்பினார்கள்; அதனால் தசைகளை அசைவற்றதாக்கும் மருந்தை மட்டும் முதன்மையாக நம்பி, போதிய வலிநீக்கி இல்லாமலே அறுவை சிகிச்சைகள் நடந்தன. 1987-இல் மருத்துவர் கன்வல்ஜீத் ஆனந்தும் அவருடைய குழுவினரும், இதயத்தை ஒட்டிய ரத்தக்குழாயை மூடும் அறுவையின்போது குறைமாதக் குழந்தைகளுக்கு ஃபென்டனில் என்ற வலிநீக்கியைச் சேர்த்துக் கொடுத்தபோது, உடலின் அதிர்ச்சி எதிர்வினையும் பிந்தைய சிக்கல்களும் குறைந்ததை லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். வலியை உடல் மறப்பதும் இல்லை: மரப்பு மருந்தின்றிச் சுன்னத்து செய்யப்பட்ட ஆண் குழந்தைகள், சில மாதம் கழித்துத் தடுப்பூசி போட்டபோது மற்றக் குழந்தைகளைவிட அதிகமாக வலியை வெளிக்காட்டியதை 1997-இல் வந்த ஆய்வொன்று பதிவு செய்தது.

இத்தனைக்கும் வலியைக் குறைக்கும் வழிகள் எளியவை. லிடோகெய்ன், பிரிலோகெய்ன் என்ற மரப்பு மருந்துகள் கலந்த களிம்பைத் தடவி மூடிவைத்தால் தோல் மரத்துப்போகும்; ஆனால் அதற்கு ஏறத்தாழ 60 நிமிடம் வேண்டும், அவசரத்தில் நாம் கொடுக்க மறுப்பது இந்த நேரத்தைத்தான். கைக்குழந்தைக்கு ஊசி போடும்போதே தாய்ப்பால் கொடுக்கலாம். ஒரே நாளில் பல தடுப்பூசிகள் இருந்தால், அதிகம் வலிப்பதைக் கடைசியில் போட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் தந்த அறிவுரைகளுள் ஒன்று.

அண்மையில் ரத்தம் எடுக்க வந்த நான்கு வயதுச் சிறுமி, களிம்பு தடவிய கையோடு தாயின் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். 'கொஞ்சம் சுருக்கென்று இருக்கும், நீ ஐந்து குமிழி ஊதுவதற்குள் முடிந்துவிடும்' என்று செவிலியர் உள்ளதை உள்ளபடி சொன்னார். மூன்றாவது குமிழிக்கு அவள் மூச்சை விட்டபோது ஊசி இறங்கியது. உதடு பிதுங்கியது, கண் கலங்கியது. ஆனால் கையை இழுக்கவில்லை. அந்தக் கையை யாரும் அழுத்திப் பிடித்திருக்கவும் இல்லை.

உங்கள் குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை எழுதித் தந்தால், களிம்பு தடவ முடியுமா, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று முதல் நாளே கேளுங்கள். மடியில் வைத்துக்கொள்ள அனுமதியுங்கள் என்றும் கேளுங்கள். தயங்க வேண்டாம், கேட்பது உங்கள் உரிமை.

வணக்கம்.