மாமாவின் ரசீதுப் புத்தகம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஈரோட்டில் எங்கள் தாய்மாமா வீட்டுப் பரணில் ஒரு ரசீதுப் புத்தகம் கிடந்தது. தாளுக்குத் தாள் ‘தமிழ்த் தேசியக் கட்சி’ என்று அச்சு. முதல் பன்னிரண்டு தாள் கிழித்து அடிக்கட்டை மட்டும் நிற்கும். ஒவ்வொன்றிலும் நாலணா... இல்லையில்லை, நயா பைசா வந்துவிட்ட காலம், 25 பைசா. மிச்சத் தாள்களின் பின்பக்கம் முழுக்க அத்தையின் பால் கணக்கு!

அப்படி ஒரு கட்சி இருந்ததா என்பீர்கள். இருந்தது. ஈ.வெ.கி. சம்பத் தொடங்கியது. பெரியாரின் அண்ணன் மகன். 1949இல் அண்ணாவோடு தி.மு.க.வைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1957இல் நாமக்கல் எம்.பி. ‘சொல்லின் செல்வர்’ என்பார்கள். தி.மு.க. அப்போது கேட்டது திராவிட நாடு, தென்னிந்தியாவுக்கென ஒரு தனிநாடு. அது கைகூடாது, தமிழ்நாட்டுக்குச் சுயநிர்ணய உரிமை, அதாவது தன் வழியைத் தானே முடிவுசெய்யும் உரிமை கேட்போம் என்றார் சம்பத். கட்சியில் சினிமாக்காரர்கள் செல்வாக்கு ஓங்குவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. பிணக்கு முற்றி, 1961 ஏப்ரலில் தனிக்கட்சி. கூடவே போனவர் யார் தெரியுமா? கண்ணதாசன்! சினிமா வேண்டாம் என்று பிரிந்தவருக்குத் துணை, சினிமாவுக்குப் பாட்டெழுதுகிறவர். மாமாவிடம் இதைச் சொன்னால் கோபம் வரும். “கவிஞர் வேற, நடிகர் வேறடா” என்பார்.

மாமா சைக்கிளில் போய் உறுப்பினர் சேர்த்தார். பேச்சைக் கேட்க ஊரே வரும், விடிய விடிய உட்காரும். மறுநாள் ரசீதை நீட்டினால், “சம்பத் சொல்றது நியாயந்தான், ஆனா அண்ணாவை விட்டுட்டு எப்படி?” அந்தப் பதிலைத்தான் பன்னிரண்டாவது ரசீதுக்கு அப்புறம் எல்லா வீட்டிலும் கேட்டாராம். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: ஆட்கள் கொள்கையை மறுக்கவில்லை, அண்ணாவை விட மனம் வரவில்லை.

1962 தேர்தலில் ஓரிடம்கூடக் கிடைக்கவில்லை. தென்சென்னையில் சம்பத்தே தோற்றார். தி.மு.க.வோ சட்டமன்றத்தில் 50 இடம் பிடித்தது.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். முக்கியமானதை இனிமேல்தான் சொல்ல நினைத்திருந்தேன், சரி, சுருக்கிவிடுகிறேன். 1963இல் பிரிவினை கேட்பவர் தேர்தலில் நிற்க முடியாதபடி அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். தி.மு.க.வே திராவிட நாட்டைக் கைவிட்டது. சம்பத் சொல்லி இரண்டே வருடம்! அடுத்த வருடம் அவர் கட்சியைக் காங்கிரஸில் கரைத்தார்.

மாமா காங்கிரஸுக்குப் போகவில்லை. அன்றைக்குத்தான் புத்தகத்தை அத்தையிடம் கொடுத்தாராம், “பால்காரன் கணக்குக்கு ஆகும், வச்சுக்கோ” என்று.