வங்கக் கடலில் விமானத்தை விழுங்கும் முக்கோணம் எதுவும் கிடையாது

வணக்கம். இன்று நான் எரிச்சலில் இருக்கிறேன் என்பது, பின்னால் சுவரில் தொங்கும் வங்கக் கடல் வரைபடத்தைப் பார்த்ததுமே பழைய நேயர்களுக்குப் புரிந்திருக்கும். நீங்கள் பலரும் எனக்கு அனுப்பிவைத்த, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றிக்கொண்டிருக்கிற ஒரு காணொளிதான் காரணம். தாம்பரத்திலிருந்து 2016இல் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32 விமானத்தை ஏதோ ஒரு "மர்ம முக்கோணம்" விழுங்கிவிட்டதாம், இன்றுவரை ஒரு துரும்புகூடக் கிடைக்கவில்லையாம். பின்னணியில் உடுக்கைச் சத்தம் வேறு. 29 பேர் இறந்த ஒரு விபத்துக்கு உடுக்கை அடிப்பவரைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நடந்தது இதுதான். 2016 ஜூலை 22ஆம் தேதி காலை எட்டரை மணியளவில் அந்த விமானம் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்டது. 9.12 மணியளவில், சென்னைக்குக் கிழக்கே 151 கடல் மைல் தொலைவில், 23,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்த விமானம் இடப்பக்கம் திரும்பி விறுவிறுவென்று உயரம் இழந்ததை ரேடார் பதிவு காட்டியது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. கடற்படையும் விமானப்படையும் கடலோரக் காவல்படையும் வாரக்கணக்கில் தேடின. மொரீஷியஸ் பக்கம் இருந்த சாகர் நிதி என்ற ஆய்வுக் கப்பலைக்கூட வரவழைத்தார்கள். எதுவும் அகப்படாத நிலையில், விமானத்தில் சென்றவர்கள் இறந்துவிட்டதாகக் கருதுவதாக அந்தச் செப்டம்பரில் குடும்பங்களுக்குத் தெரிவிக்கப்பட்டது.

காணொளிக்காரர் இந்த இடத்தோடு கதையை முடித்துக்கொள்கிறார். 2024 ஜனவரி 12ஆம் தேதி பாதுகாப்பு அமைச்சகம் வெளியிட்ட அறிக்கை அவர் கண்ணில் படவே இல்லை. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம், ஆளில்லாமல் தானாக இயங்கும் நீர்மூழ்கிக் கலம் ஒன்றைக் கடலுக்குள் அனுப்பி, 3,400 மீட்டர் ஆழத்தில் விமானச் சிதைவுகளைப் படம் பிடித்தது. 3,400 மீட்டர் என்றால், நம் மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக 65 முறை அடுக்க வேண்டும். அந்த இருட்டில் கிடந்ததை ஒலியலைகளைக் கொண்டு தேடிக் கண்டுபிடித்த வேலைக்கு யாரும் உடுக்கை அடிக்கவில்லை.

இந்தக் கணக்கையெல்லாம் விரலால் காட்டிப் பேச வேண்டும் என்பதற்காகத்தான் வரைபடம் அச்சடிக்கப் போனேன். சிம்மக்கல் பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில், ஆறடிக்கு நாலடி, சன்போர்டில் ஒட்டித் தரச் சதுர அடிக்கு 70 ரூபாய் கேட்டார்கள். 24 சதுர அடிக்கு 1,680 ரூபாய். கடலில் எழுத்தே இல்லையே, மை மட்டும்தானே என்று நான் பேரம் பேச, "மைக்குத்தானே அண்ணே காசு" என்று கடைத் தம்பி மடக்கிவிட்டார். கடைசியில் 1,500 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டார் என்பதைச் சற்றுப் பெருமையுடன் பதிவு செய்கிறேன். காதணி விழாவுக்கும் கட்சிக்காரர் வரவேற்புக்கும் அடித்துப் பழகியவர் என்பதால், மூலையில் யார் போட்டோவை வைப்பது என்றும் கேட்டார். போட்டோ வேண்டாம் என்றதை அவர் நம்புவதற்கே சிறிது நேரம் பிடித்தது. அச்சாகி வந்ததில், ஆழத்துக்கு ஏற்ப வெளிர் நீலத்திலிருந்து கருநீலம் வரை மாற வேண்டிய கடல் முழுவதும் ஒரே நீலமாக இருக்கிறது. என்னுடைய இந்தக் காணொளிக்கு ஆழம்தான் உயிர் என்பதால், ஆழ எண்களை மார்க்கரால் நானே எழுதிவிட்டேன்.

சிக்கல், வரைபடத்தில் இடத்தைக் குறிக்க ஊசி குத்தும்போது வந்தது. அமைச்சக அறிக்கையின்படி சிதைவுகள் கிடைத்த இடம் சென்னைக் கரையிலிருந்து சுமார் 140 கடல் மைல். அதே வரியில் அடைப்புக்குறிக்குள் சுமார் 310 கிலோமீட்டர் என்றும் இருக்கிறது. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். அப்படியானால் 140 கடல் மைல் 259 கிலோமீட்டர்தான் ஆகும். தரை மைலாக வைத்துப் பார்த்தாலும் 225 கிலோமீட்டருக்கு மேல் போகவில்லை. 310 கிலோமீட்டர் சரியென்றால் அது 167 கடல் மைலாக இருக்க வேண்டும். ரேடாரில் கடைசியாகத் தெரிந்த 151 கடல் மைல், அதாவது 280 கிலோமீட்டர், இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. ஒரு சென்டிமீட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் என்ற என் வரைபடத்தில் இரண்டு ஊசிகளுக்கும் இடையே ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி. கடலில் அது ஐம்பது கிலோமீட்டர். செய்தித்தாள்கள் பலவும் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் அப்படியே அச்சிட்டிருந்தும், ஒருவர்கூடப் பெருக்கிப் பார்த்ததாகத் தெரியவில்லை என்பது, உடுக்கைச் சத்தத்துக்கு அடுத்தபடியாக என்னை எரிச்சலூட்டுகிறது.

ஒன்றைச் சொல்லாமல் தாண்டி வந்துவிட்டேன். கிடைத்தது அதே விமானம்தான் என்று அறிக்கை அடித்துச் சொல்லவில்லை. படங்கள் ஏஎன்-32 வகையோடு ஒத்துப்போகின்றன, அந்தப் பகுதியில் வேறு விமானம் காணாமல் போன பதிவு இல்லை, ஆகவே அதுவாக இருக்கலாம் என்றுதான் நிதானமாகச் சொல்கிறது. எனக்கு அந்த நிதானம் பிடித்திருக்கிறது. விமானம் ஏன் விழுந்தது என்பதை இந்தப் படங்கள் சொல்லாது; நானும் சொல்லப்போவதில்லை.

முக்கோணக் கதை எங்கே உடைகிறது என்றால், இதே கடலில், ஏஎன்-32 காணாமல் போனதற்கு முந்தைய ஆண்டு நடந்த இன்னொரு விபத்தில். 2015 ஜூன் 8ஆம் தேதி மாலை சென்னையிலிருந்து கண்காணிப்புக்குக் கிளம்பிய கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம், மூன்று பேருடன் காணாமல் போனது. இரவு 9.23 வரை, காரைக்காலுக்கு அப்பால், திருச்சி ரேடாரில் அது தெரிந்திருக்கிறது. அடுத்த மாதமே கடலூருக்கு அப்பால் ஏறத்தாழ 950 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளும் பறப்புப் பதிவுக் கருவியும் கிடைத்துவிட்டன. அந்த விமானத்தில், நீருக்கடியில் ஒலித்து இடத்தைக் காட்டிக்கொடுக்கும் பீக்கன் என்ற கருவி இருந்தது. நீரில் மூழ்கியதும் அது தானாகவே 37.5 கிலோஹெர்ட்ஸில், மனிதக் காதுக்கு எட்டாத துடிப்பை ஏறக்குறைய நொடிக்கு ஒரு முறை அனுப்பத் தொடங்கும். அந்தக் காலத்துப் பீக்கன்களில் பேட்டரி வழக்கமாக 30 நாள் தாங்கும். சிந்துத்வஜ் நீர்மூழ்கிக் கப்பலும் சந்தாயக் ஆய்வுக் கப்பலும் அந்தத் துடிப்பைப் பிடித்தன; பிறகு ஒலிம்பிக் கேன்யன் என்ற தனியார் கப்பலின் ரோபோ கீழே இறங்கியது. ஏஎன்-32 விமானத்திலோ அப்படிப்பட்ட பீக்கன் இல்லை. அதிலிருந்த அவசரகாலக் கருவிகள் நீருக்கடியிலிருந்து பேசக்கூடியவை அல்ல.

பீக்கன் மட்டும் இருந்திருந்தால் மறுவாரமே கிடைத்திருக்கும் என்று நான் சொன்னதாக யாரும் வெட்டிப் பரப்ப வேண்டாம். அந்தத் துடிப்பு சாதாரணமாக ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள்தான் கேட்கும் என்பதால், 3,400 மீட்டர் ஆழத்தில் ஒலிப்பதை மேலே மிதக்கும் கப்பலிலிருந்து கேட்பது கடினம். கேட்கும் கருவியைக் கேபிளில் கட்டி ஆழத்துக்கு இறக்கி இழுத்துச் செல்ல வேண்டும், அதுவும் சரியான இடத்தில். ஆனாலும், எதுவுமே ஒலிக்காத கடலில் தேடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

மர்மம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் அரபிக் கடல் பக்கம் போகலாம். 1986 மார்ச் 25ஆம் தேதி, சோவியத் நாட்டிலிருந்து புத்தம் புதிதாக வாங்கிவந்த ஒரு ஏஎன்-32, மஸ்கட்டிலிருந்து ஜாம்நகருக்கு வரும் வழியில் 7 பேருடன் காணாமல் போனது. அதன் தடயம் எதுவும் கிடைக்கவில்லை. அந்தக் கடலுக்கு இதுவரை யாரும் முக்கோணம் வரையவில்லை.