மந்தம் எத்தனை மணிக்கு நடந்தது?

(முன்பருவக் கல்வி ஆசிரியைப் பயிற்சி நிறைவு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் முதல்வர் அம்மா அவர்களே, விடிகாலையில் பேருந்து ஏறி வந்து அமர்ந்திருக்கும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் அவர்களே, சொந்தச் செலவில் பந்தல் போட்டுக் கொடுத்த ஊராட்சித் தலைவர் ஐயா அவர்களே, காலை எட்டு மணியிலிருந்து "ஹலோ, மைக் டெஸ்டிங்" சொல்லிக்கொண்டிருக்கும் தம்பியே, சான்றிதழுக்குக் காத்திருக்கும் என் பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் மன்னியுங்கள். போன கூட்டத்தில் பொருளாளரை விட்டுவிட்டேன். அன்றைக்கு எனக்குக் காபி வரவில்லை.

பொன்னாடைக்கு நன்றி. இதை இங்கேயே விட்டுவிட்டுத்தான் போவேன். மூன்று பொன்னாடையைச் சேர்த்துத் தைத்தால் ஒரு அங்கன்வாடிக்குப் பொம்மலாட்டத் திரை ஆகும். இருபது வருஷமாக மேடைக்கு மேடை சொல்கிறேன், போர்த்துகிறவர்கள் போர்த்திக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

மூன்று விஷயம் பேசலாம் என்று துண்டுச் சீட்டில் எழுதி வந்திருக்கிறேன். குழந்தையை எப்படிப் பார்ப்பது. பார்த்ததை எப்படி எழுதுவது. எழுதியதைப் பெற்றவர்களிடம் எப்படிச் சொல்வது. "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று சொல்வார்கள். ஏதோ பஞ்சாயத்துக்காரர்களுக்குச் சொன்னது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். என்னைக் கேட்டால் அது பால்வாடிக்காரர்களுக்குச் சொன்னது.

1984. நான் பயிற்சி மாணவி. நீலக் கரை போட்ட வெள்ளைச் சேலை, கையில் 40 பக்க நோட்டு. ஒரு கிராமத்துப் பால்வாடியில் ஒரே ஒரு பிள்ளையை ஒரு மாதம் கவனித்து எழுத வேண்டும். எனக்கு வாய்த்தவன் நாலு வயதுப் பையன். முத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்ததும் வாசல் நிலையை ஒட்டி உட்கார்ந்துவிடுவான். பாட்டுக்கு எழமாட்டான். "இது என்ன நிறம்?" என்றால் என் வாயையே பார்ப்பான். ஒன்று, இரண்டு சொல்லச் சொன்னால் குனிந்துகொள்வான். நாலாம் நாள் முத்து முத்தான கையெழுத்தில் எழுதினேன்: "குழுவில் சேருவதில்லை. நிறம், எண் தெரியவில்லை. மந்தம்."

எங்கள் பயிற்சி ஆசிரியையை நாங்கள் அக்கா என்போம். நோட்டை வாங்கிப் படித்தார். திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே, "இந்த மந்தம் எத்தனை மணிக்கு நடந்துச்சு?" என்றார்.

நான் விழித்தேன்.

"அவன் தண்ணி குடிச்சது பத்து மணிக்கு நடந்திருக்கும். பக்கத்துப் பொண்ணு அவனைத் தள்ளினது பத்தே காலுக்கு நடந்திருக்கும். மந்தம் எப்போ நடந்துச்சு? நீ பார்த்தியா? என்ன செஞ்சான், என்ன சொன்னான், மணி போட்டு அதை மட்டும் எழுது."

மறுநாள் நானும் வாசலோரம் தரையில் உட்கார்ந்தேன். 11.40க்கு எழுதியது இன்னும் கண்ணில் நிற்கிறது. பிள்ளைகள் உதறிப் போட்ட செருப்புகளை முத்து எடுக்கிறான். ஜோடி சேர்க்கிறான். இடது வலது பார்த்துத் திருப்பி வைக்கிறான். சின்னதிலிருந்து பெரியது வரை சுவரோரம் வரிசை. கடைசியில் என் செருப்பு, வார் அறுந்து ஊக்குக் குத்தியது. அந்த ஊக்கை ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு வைக்கிறான். வீட்டுக்குப் போகும் நேரம் ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவர் செருப்பை எடுத்து நீட்டுகிறான். 16 பிள்ளைகள். ஒன்று மாறவில்லை. பொருத்துதல், வகைப்படுத்தல், அளவுப்படி அடுக்குதல், நினைவாற்றல் என்று தேர்வில் பக்கம் பக்கமாக எழுதினீர்களே, அத்தனையும் அங்கே செருப்பு ரூபத்தில் கிடந்தது.

சரி, கெட்டிக்காரன். அப்புறம் ஏன் பேசவில்லை? மூன்று நாள் குறிப்பைப் புரட்டியபோதுதான் பிடிபட்டது. வலப் பக்கம் நின்று கூப்பிட்டபோதெல்லாம் திரும்பியிருக்கிறான். இடப் பக்கம் நின்றபோது ஒரு தடவைகூட இல்லை. சாயங்காலம் அடிபம்பில் அவன் அம்மாவைப் பிடித்தேன். "மழைக்காலத்துலேருந்து காதுல சீழ் வடியுது டீச்சர். எண்ணெய் காய்ச்சி ஊத்துறேன்" என்றார். ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவர் நிதானமாக, "நீ எழுதினது தப்பில்ல. ஒரு வார்த்தையை விட்டுட்ட. காது மந்தம்" என்றார். மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனோம்.

கண்ணால் கண்டது வாசலில் உட்கார்ந்த பையனை. காதால் கேட்டது அவன் பேசாததை. தீர விசாரித்தது அடிபம்பில்.

இரண்டாவது விஷயமும் இதிலேயே பாதி வந்துவிட்டது. நோட்டில் இடப் பக்கம் நடந்தது, வலப் பக்கம் நீங்கள் நினைத்தது. அடம், சுட்டி, சமர்த்து எல்லாம் வலப் பக்கத்துச் சரக்கு. எந்த வயதில் பிள்ளை என்ன செய்கிறது என்று பார்க்கும் சரிபார்ப்புப் பட்டியலில் டிக் போடுவதற்கு முன்னால் ஒன்றை நினைவில் வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்பட ஐந்து நாடுகளில் கைக்குழந்தைகளைப் பார்த்து 2006ல் வெளியிட்ட கணக்கில், பிடிக்காமல் நடக்கும் வயது ஏறத்தாழ 8 மாதத்திலிருந்து 17½ மாதம் வரை நீள்கிறது. நூற்றில் நாலு பிள்ளைகள் முட்டி போட்டுத் தவழவே இல்லை; அவர்களும் நடந்துவிட்டார்கள். பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்களும் பருவம் பருவமாகத்தான் பிரித்தார்கள். செங்கீரையில் தலை நிமிர்த்தி ஆடச் சொன்னார்கள், சப்பாணியில் கை கொட்டச் சொன்னார்கள், வருகையில் "வா வா" என்று கெஞ்சினார்கள். வராத பிள்ளைக்கு எந்தப் புலவரும் மார்க் குறைக்கவில்லை.

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1939ல் நம் அடையாறுக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். தடுக்காமல், குறுக்கே பேசாமல் பிள்ளையைப் பார்க்கக் கற்பதுதான் ஆசிரியைக்கு முதல் வேலை என்பது அவர் கட்சி. பார்க்க வேண்டும் என்றால் உட்கார வேண்டும். உட்கார நேரம் வேண்டும். இங்கேதான் என் பழைய வழக்குக்கு வருகிறேன். திட்ட அலுவலர் அம்மா இப்போதே சிரிக்கிறார்.

நம் அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2ல் 33 வட்டாரங்களில் தொடங்கியது. இன்று நம் மாநிலத்தில் மட்டும் 54,000 மையங்களுக்கு மேல். மையத்துக்கு ஒரு டீச்சர், ஒரு உதவியாளர் என்பதுதான் ஏற்பாடு. அந்த ஒரே டீச்சர் எடை போட வேண்டும், சத்துமாவு கொடுத்துக் கணக்கு எழுத வேண்டும், கர்ப்பிணிகள் வீட்டுக்குப் போக வேண்டும், செயலியில் ஏற்ற வேண்டும், சிக்னல் கிடைக்கவில்லை என்றால் மொட்டை மாடிக்கு ஏற வேண்டும், தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல் வேறு. செருப்பு அடுக்கும் முத்துவை அவர் எப்போது பார்ப்பார்? மதிப்பீட்டு அட்டையைக் கூட்டத்துக்கு முந்தின ராத்திரி வீட்டில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்புகிறார்கள். அந்த அட்டைகளில் எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரி வளர்கிறது. அவர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன், நானும் நிரப்பியிருக்கிறேன்.

அதனால் கேட்கிறேன். 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்கென்று மையத்துக்கு இரண்டாவது ஆசிரியை வேண்டும். பதிவேடு, தராசு, செயலி எதுவும் அவர் கைக்குப் போகக் கூடாது. நிதி எங்கே என்பீர்கள். தீர விசாரிப்பதே மெய். தீர விசாரிக்க ஆள் வேண்டாமா? இங்கே இத்தனை பேரைப் பயிற்றுவித்துவிட்டு எல்லாரையும் எல்கேஜிப் பள்ளிகளுக்கா அனுப்பப் போகிறோம்?

மூன்றாவது விஷயம் துண்டுச் சீட்டிலேயே இருக்கட்டும். ஊராட்சித் தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார், பின்னால் சாம்பார் ஆறுகிறது. இரண்டாவது ஆசிரியை கேட்டு மனு நோட்டு ஒன்று முன்வரிசையிலிருந்து கிளம்பியிருக்கிறது. கையெழுத்துக்குப் பக்கத்தில் நீங்கள் பயிற்சிக்குப் போன மையத்தின் பெயரையும் அங்கே எத்தனை பிள்ளைகள் என்பதையும் எழுதுங்கள். பேனா என்னுடையது. திரும்பி வர வேண்டும்.