இரண்டாம் ஆண்டுக் கட்டணம் யார் கட்டுவது?

நடுவர் ஐயா அவர்களே, இந்தப் புழுக்கத்திலும் கோயில் மண்டபத்தை விட்டு எழுந்து போகாத சுங்கை சிப்புட் மக்களே, வணக்கம். ‘ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் தேர்வை முடித்த மலேசியப் பிள்ளை பட்டப்படிப்புக்குப் போக வேண்டியது வெளிநாட்டுக்கா, உள்ளூரிலா?’ இதுதான் தலைப்பு. நான் உள்ளூர் அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தங்கச்சி, ஜெர்மனியில் கட்டணமே இல்லை என்று சொன்னபோது பின்வரிசையில் இரண்டு அம்மாக்கள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்காக அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தங்கச்சி சொன்னது பொய்யில்லை, அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் கிடையாது. ஆனால் உபகாரச் சம்பளமோ பொறுப்பேற்க அங்கே ஓர் ஆளோ இல்லாத பிள்ளை, விசா வாங்க ஓராண்டுச் செலவுப் பணம் 11,904 யூரோவை முன்கூட்டியே வங்கியில் போட்டுக் காட்ட வேண்டும். நம் காசுக்கு ஐம்பதாயிரம் வெள்ளியைத் தாண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி வாங்கும் தோட்டத் தொழிலாளி சோறே தின்னாமல் சேர்த்தாலும் ஏறக்குறைய இரண்டரை வருஷம்.

சரி, பணம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எஸ்பிஎம் சான்றிதழை மட்டும் நீட்டினால் அங்கே பட்டப்படிப்பில் நேராகச் சேர்க்க மாட்டார்கள். பிரிட்டனிலும் எஸ்பிஎம்முக்கு, பள்ளி இறுதிக்கு முந்தைய தேர்வான ஓ-லெவலின் மதிப்புதான். ஆக, ஏரோப்ளேன் ஏறிப் போய் பிள்ளை முதலில் உட்காருவது பட்டப்படிப்புக்கு முந்தைய பவுண்டேஷன் வகுப்பில். இங்கே ஆறாம் படிவத்தில் ஏறக்குறைய செலவில்லாமல் படித்து எஸ்டிபிஎம் தேர்வு எழுதியிருந்தால் நேராகவே விண்ணப்பித்திருக்கலாம், அதை வெளிநாட்டிலும் ஏற்கிறார்கள். அந்த ஒன்றரை வருஷப் படிப்பை மிச்சப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு பிரிட்டிஷ் பவுண்டில் காசு கட்டுகிறோம், ஒரு பவுண்டுக்கு ஐந்து வெள்ளிக்கு மேல் கொடுத்து.

இதை நான் காகிதத்தில் படித்துவிட்டு வந்து சொல்லவில்லை. என் பெரியம்மா மகன் அப்படித்தான் போனான். எந்த நாடு, எந்த ஏஜெண்டு என்பதெல்லாம் வேண்டாம். பெரியப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். ஊழியர் சேமநிதியான ஈபிஎஃப்பில் கல்விக்கு எடுக்க முடிந்ததை எடுத்தார், பெரியம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போனது, மீதிக்குச் சொந்தக்காரர்கள் கை கொடுத்தார்கள். பவுண்டேஷனும் முதல் வருஷமும் ஓடின. இரண்டாம் வருஷத்தில் பெரியப்பாவுக்கு இடுப்பு விட்டுப்போனது, அவர் அரிவாளைக் கீழே வைத்தார், அவன் திரும்பி வந்துவிட்டான். அங்கே படித்ததில் பாதிப் பாடங்களைத்தான் இங்குள்ள கல்லூரி ஏற்றுக்கொண்டது. குளிருக்கென்று ஈப்போவில் வாங்கிக் கொடுத்த தடித்த கோட்டு ஒன்று இருந்தது. மழை வந்தால் பெரியம்மா அதைத்தான் மோட்டார் சீட்டு நனையாமல் எடுத்துப் போர்த்துகிறார். நல்ல கோட்டு, தண்ணீரே இறங்காது.

அப்புறம், எதிரணியினர் நம் முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தனை இழுத்தார்கள். இந்த ஊரில் பிறந்தவரே சிதம்பரத்துக்குப் போய் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில்தானே படித்தார் என்றார்கள், கைத்தட்டலும் வாங்கினார்கள். ஐயா, அவர் 1919இல் பிறந்தவர். மலாயாப் பல்கலைக்கழகம் தொடங்கியதே 1949இல், அதுவும் சிங்கப்பூரில். அவர் வாலிபராக இருந்தபோது நம் நாட்டில் சேரப் பல்கலைக்கழகம் ஏது? அவருடைய அப்பா ரப்பர் தோட்டம் வைத்திருந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். படித்துவிட்டு வந்த அந்த மனிதர் 1960இல் என்ன செய்தார்? முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, ரப்பர் பால்மரம் சீவுகிறவர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துக் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, அவர்களையே தோட்டம் வாங்க வைத்தார். அவர் பெயரைச் சொல்லி வீட்டை அடகு வைக்கச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசாங்க மெட்ரிகுலேஷன் வகுப்பு கிடைக்கவில்லை, அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கையான யுபியுவில் கேட்ட துறை வரவில்லை என்று நம் பிள்ளைகளுக்கு வருகிற கோபம் நியாயமானது. என் தங்கையும் அழுதாள். 2024இல் பத்து ஏ எடுத்த எவருக்கும் இனம் பார்க்காமல் மெட்ரிக் இடம் என்று அரசாங்கம் அறிவித்தது, ஆனால் ஏழு ஏ எடுத்தவள் அன்றைக்கும் வாசலில்தான் நின்றாள். அவள் ஆறாம் படிவம் போனாள், முடித்தாள், இப்போது அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் பிடிபிடிஎன் என்கிற அரசாங்கக் கல்விக் கடனில் படிக்கிறாள். அந்தக் கடன் உள்நாட்டுப் படிப்புக்குத்தான் கிடைக்கும். முதுகலைக்கு அவள் வெளிநாடு போகட்டும், நானே விமான நிலையத்துக்கு வண்டி ஓட்டுகிறேன். அப்போது அவளுக்கு இருபத்து நான்கு வயதாகியிருக்கும், கையில் ஒரு பட்டம் இருக்கும், அங்கே கால் இடறினாலும் ஊருக்கு வந்து வேலை தேடலாம். பதினேழு வயதில் இடறினால் கையில் இருப்பது அதே எஸ்பிஎம்தான்.

மணி அடித்துவிட்டார்கள். எதிரணித் தங்கச்சிக்கு மறுமொழி சொல்ல இரண்டு நிமிஷம் இருக்கிறது. ஜெர்மனி, லண்டன், ஆஸ்திரேலியா எதை வேண்டுமானாலும் சொல்லட்டும். கூடவே, அப்பா கீழே விழுந்தால் இரண்டாம் ஆண்டுப் பணத்தை யார் கட்டுவது என்று பின்வரிசையில் இருக்கும் அந்த இரண்டு அம்மாக்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு உட்காரட்டும்.