ஸ்கூட்டர் போகும், சக்கர நாற்காலி போகாது: 71 சென்டிமீட்டர் கதை

வணக்கம் மக்களே! காத்து பலமா அடிக்குது, மைக்ல இரைச்சல் வந்தா பொறுத்துக்கோங்க. டேப் கையில இருக்கு, அதனால இன்னிக்கு என்ன வீடியோன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

கடற்கரை நடைபாதை வாசல்ல புதுசா மஞ்சள், கறுப்பு பெயின்ட் அடிச்சு அஞ்சு இரும்புக் கம்பம் நட்டிருக்காங்க. பைக் உள்ள வரக் கூடாதாம். எந்த ஊர், யார் நட்டதுங்கிறதெல்லாம் இந்த வீடியோவுல கிடையாது. ஊருக்கு ஊர் இதே கதைதான், உங்க ஊர்லயும் போய்ப் பாருங்க.

இப்போ டேப்பைப் பாருங்க. இடுப்பு உயரத்துல வச்சு அளந்தா, கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவுல 78 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. சரி, இப்போ கேமராவைக் கீழ இறக்குறேன். தரையில 71. ஏன் குறையுது? கம்பத்தோட அடியைச் சுத்தி ஒரு காங்கிரீட் மேடு, பானைக்குப் பிரிமணை வச்ச மாதிரி, 8 சென்டிமீட்டர் உயரத்துக்கு. ரெண்டு பக்கமும் நாலு நாலு சென்டிமீட்டர் அதுலயே போயிடுச்சு.

இது எப்படி நடக்குதுன்னா, வரைபடத்துல 90ன்னு போட்டிருப்பாங்க. அந்த 90 கம்பத்தோட மையத்துலேருந்து அடுத்த கம்பத்தோட மையம் வரைக்கும். நாலு இஞ்ச் குழாய்னு கடையில கேட்டா குடுக்கிறதுக்கு வெளி விட்டம் 11.4 சென்டிமீட்டர். அதைக் கழிச்சா 78.6. அப்புறம் கொத்தனார் பலமா இருக்கட்டும்னு காங்கிரீட்டைக் கூட்டி வச்சு பூசிடுவார். 71 ஆச்சு. யாரும் வேணும்னு பண்ணலை. ஆனா பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒருத்தராவது டேப் வச்சிருக்கலாம்ல?

சாதாரண சக்கர நாற்காலி, 18 இஞ்ச் சீட் இருக்கிறது, வெளி அகலம் 65 சென்டிமீட்டர் சுமார். அப்போ 71ல போயிடுமேன்னு கமெண்ட்ல வருவீங்க, தெரியும். சக்கரத்தை யார் தள்ளுறது? உட்கார்ந்திருக்கிறவரோட கைதான். விரல் முட்டி ரெண்டு பக்கமும் அஞ்சு அஞ்சு சென்டிமீட்டராவது வெளிய நிக்கும். 75 ஆச்சு. முட்டி தோல் உரியாம போகணும்னா பின்னாலேருந்து வேற ஒருத்தர் தள்ளணும். கையால சுத்துற மூணு சக்கர வண்டி இன்னும் அகலம், கிட்டவே வராது. பக்கத்துல ரெண்டு சக்கரம் சேர்த்த ஸ்கூட்டர் ஒரு மீட்டரை நெருங்கும்.

இப்போ பைக்குக்கு வருவோம். எனக்கு எரிச்சலே இங்கதான். ஸ்கூட்டர்ல அகலமான இடம் ஹேண்டில், அது 70 சென்டிமீட்டர் சுமார். ஹேண்டில் எங்க இருக்கு? மேல. மேல இடைவெளி 78. கீழ சக்கரம் ஒல்லி, 71 தாராளம். ஆக, யாரைத் தடுக்க நட்டாங்களோ அவர் ஜம்முனு போறார், யாருக்காகப் பாதை போட்டாங்களோ அவர் வெளியில நிக்கிறார்.

நாற்காலியை விட்டுட்டு பைக்கை மட்டும் இடைவெளியைக் குறைச்சுத் தடுக்கவே முடியாது, ஏன்னா பைக்கும் நாற்காலியும் கிட்டத்தட்ட ஒரே அகலம். இடைவெளியால தடுக்க முடியிறது கார், ஆட்டோ மட்டும்தான். ஆட்டோ அகலம் 1.3 மீட்டர். அதனால கம்பத்துக்கு நடுவுல 1.2 மீட்டர் தெளிவா விட்டா நாற்காலி, மூணு சக்கர வண்டி, குழந்தை வண்டி எல்லாம் போகும், ஆட்டோ போகாது. தெளிவான்னா, காங்கிரீட் மேட்டுலேருந்து காங்கிரீட் மேடு வரைக்கும். பைக்குக்கு ஒரு ஆள் நிக்கணும், இல்ல பக்கத்துல நிழலோட பார்க்கிங் குடுக்கணும். வளைஞ்சு வளைஞ்சு போற கம்பித் தடுப்பு இருக்கே, அது எனக்கு ஆகவே ஆகாது. நாற்காலி முழுசாத் திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் வேணும், அதுல எங்க இருக்கு?

சரி பண்றது பெரிய வேலையும் இல்ல. இங்க ரெண்டாவதா இருக்கிற கம்பத்தைத் தோண்டி எடுத்து, மூணாவதுக்கும் அதுக்கும் நடுவுல தெளிவா 1.2 மீட்டர் வர்ற மாதிரி முதல் கம்பத்துப் பக்கம் தள்ளி நட்டுட்டு, பழைய குழியைப் பேவர் பிளாக் போட்டு சமமா மூடினாப் போதும். கவனிங்க, சமமா. ரெண்டு சென்டிமீட்டர் தூக்கல் இருந்தாக்கூட முன்னால இருக்கிற சின்னச் சக்கரம் முட்டி நிக்கும், ஆள் முன்னால சாய்வார்.

அய்யோ, ஒண்ணு விட்டுட்டேன், பின்னாடி போறேன். கம்பத்துக்கு முன்னாடியே ஒரு சாய்தளம் இருக்கு. ரோட்டுலேருந்து நடைபாதை 15 சென்டிமீட்டர் உயரம். சாய்வு 1க்கு 12ன்னா, அதாவது ஒரு சென்டிமீட்டர் ஏற 12 சென்டிமீட்டர் நீளம்னா, மொத்த நீளம் 1.8 மீட்டர் இருக்கணும். இங்க 90 சென்டிமீட்டர். அதாவது 1க்கு 6. ஏறுறப்போ நாற்காலி பின்னால மல்லாந்தாலும் மல்லாந்துடும். இடம் இருந்தா 1க்கு 20, 3 மீட்டர் நீளம், இன்னும் நல்லது. சாய்தளம் முடியிற இடத்துல ஒன்றரை மீட்டர் சமதளமும் வேணும். இங்க முடிஞ்ச உடனே கம்பம்!

அந்த மஞ்சள் டைல்ஸையும் பாருங்க. நீளக் கோடு போட்டது இப்படியே நடங்கன்னு சொல்றது, புள்ளி வச்சது நில்லுங்கன்னு சொல்றது. பார்வை இல்லாதவர் கோட்டைப் பிடிச்சு வந்தா நேரா மூணாவது கம்பத்துல இடிப்பார். கோட்டுக்கு ரெண்டு பக்கமும் 60 சென்டிமீட்டர் காலியா இருக்கணும்ங்க.

மணல் பக்கம் போவோம். மெரினாவுல 2022 நவம்பர் 27ல திறந்தாங்களே மரப்பாதை, 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், அதை நான் எப்பவும் புகழ்வேன். ரெண்டு நாற்காலி எதிரெதிரே வந்தா 1.8 மீட்டர் போதும், அங்க 3 இருக்கு. அதுக்கு முன்னாடி டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டி சில நாளுக்கு மட்டும் தற்காலிகப் பாதை போட்டு எடுத்துடுவாங்க. நிரந்தரமா வேணும்னு மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் கேட்டுக் கேட்டு வந்தது இது. திறந்த ரெண்டே வாரத்துக்குள்ள மாண்டஸ் புயல்ல கடல் பக்கத்து முனை சேதமாச்சு, அப்புறம் சரி பண்ணாங்க. பெசன்ட் நகர்லயும் இப்போ ஒண்ணு இருக்கு.

உங்க ஊர்ல மரப்பாதை கேக்கிறதா இருந்தா இதெல்லாம் எழுதிக் குடுங்க. பலகை நடக்கிற திசைக்குக் குறுக்கா இருக்கணும். நீளவாக்குல போட்டா சின்னச் சக்கரமும் ஊன்றுகோல் முனையும் இடுக்குல இறங்கும். இடைவெளி 10 மில்லிமீட்டருக்குள்ள. ரொம்ப நெருக்கியும் போடக் கூடாது, மழையில மரம் ஊதி பலகை தூக்கிக்கும்.

திருகாணி முக்கியம்! துத்தநாகம் பூசின சாதா திருகாணி உப்புக் காத்துல சீக்கிரமே துரு பிடிச்சு தலை தெறிக்கும், பலகை முனை தூக்கும். 304ங்கிற ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்கூட கடலோரத்துல புள்ளிப் புள்ளியா அரிக்கும். 316 ரகம்னு கேட்டு வாங்கணும். விலை கூடத்தான், ஆனா கோடி ரூபாய்ப் பாதையில திருகாணியில மிச்சம் பிடிச்சு என்ன பண்ணப் போறோம்? முன்கூட்டியே துளை போட்டு முடுக்கணும், இல்லன்னா கெட்டி மரம் பிளந்துடும்.

ஓரத்துல சக்கரம் இறங்காம இருக்க 10 சென்டிமீட்டர் கட்டை வைப்பாங்க. அதைப் பலகையோட ஒட்டி வச்சா மணல் வெளிய போக வழியில்லாம குவியும். கட்டைக்கு அடியில ரெண்டு, மூணு சென்டிமீட்டர் இடுக்கு விட்டா காத்தே தள்ளிட்டுப் போயிடும். அப்படியும் தினம் காலையில பெருக்கித்தான் ஆகணும், அந்த ஆளுக்கான சம்பளத்தையும் மதிப்பீட்டுலயே சேர்க்கச் சொல்லுங்க. அலை தொடுற கடைசிப் பகுதியை போல்ட் கழட்டித் தூக்குற மாதிரி துண்டு துண்டா செஞ்சா, புயல் எச்சரிக்கை வந்ததும் எடுத்து வச்சுக்கலாம்.

திரும்பக் கம்பத்துக்கு வருவோம். இதைச் சரி பண்ணச் சொல்லி மனு குடுத்தா அதுல கோபத்தைக் காட்டாதீங்க, அதுக்கு நான் இருக்கேன். டேப் தெரியிற மாதிரி மேல ஒரு போட்டோ, தரையில ஒரு போட்டோ, சாய்தளத்தோட உயரம், நீளம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை ஒரு வரியில குறிப்பிட்டு, உள்ளாட்சி அலுவலகத்துக்கு ஒண்ணு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு ஒரு நகல். ‘இந்தக் கம்பத்தை எடுங்க’ன்னு எந்தக் கம்பம்னு சொல்லுங்க. நடவடிக்கை எடுக்கவும்னு பொதுவா எழுதினா ஃபைல்லயே தூங்கும்.

இருங்க இருங்க, கேமராவை அந்தப் பக்கம் திருப்புறேன். ஸ்கூட்டர் ஒண்ணு வருது. பின்னால ஆளும் இருக்கு, ஹேண்டில்ல காய்கறிப் பையும் தொங்குது... போயிட்டாருங்க! பிரேக்கே பிடிக்கலை.