வாடகைக் காரில் ஊழியரை அனுப்பும்போது

நேயர்களுக்கு வணக்கம். சேலத்தில் மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் நான். சாலைப் பாதுகாப்பு என்றாலே டிரைவர்களுக்குத்தான் புத்தி சொல்கிறோம். இன்றைக்கு, ஊழியரை வாடகைக் காரில் வெளியூர் அனுப்பும் முதலாளிகளிடமும் மேலாளர்களிடமும் பேச வந்திருக்கிறேன்.

நம் ஊரில் இது அன்றாடம் நடப்பதுதான். சேகோ ஃபேக்டரியிலிருந்து ஆத்தூர் பக்கம் ஆள் போவார். ஜவுளி நிறுவனத்து மெர்ச்சண்டைசர் காலையில் கரூர், மத்தியானம் திருப்பூர், ராத்திரி வீடு என்று சுற்றுவார். மெஷின் சர்வீஸுக்கு ஓசூர் போன இன்ஜினியர் தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே இருட்டில் இறங்கி வருவார். டிராவல்ஸில் வண்டி சொல்லியாச்சு, பணமும் கட்டியாச்சு, இனி அவர்கள் பாடு என்று ஆபீஸில் இருந்துவிடுகிறோம்.

சட்டம் அப்படி விடுவதில்லை. வேலையின் காரணமாக, வேலையின்போது ஊழியருக்கு விபத்து நேர்ந்தால் முதலாளி இழப்பீடு தரவேண்டும். 1923இல் வந்த இழப்பீட்டுச் சட்டத்திலிருந்து 2020இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வரை இந்த விதி மாறவில்லை. கம்பெனி வேலையாகப் போகிற சாலையும் வேலை செய்யும் இடம்தான்.

வண்டி உரிமையாளர் மீதும் இன்சூரன்ஸ் கம்பெனி மீதும் வழக்குப் போடலாமே என்பீர்கள். போடலாம். ஆனால் எந்த வண்டியைப் பிடித்தீர்கள்? இங்கேதான் பல குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. வாடகைக்கென்றே பதிவான டி போர்டு வண்டியைவிட ஓன் போர்டு வண்டி சில நூறு ரூபாய் மலிவாகக் கிடைக்கும், தெரிந்தவர் வண்டியாகவும் இருக்கும். வெள்ளை நம்பர் பிளேட் போட்ட சொந்த உபயோக வண்டிக்கான பாலிசி, அதை வாடகைக்கு ஓட்டினால் செல்லாது என்று அந்தப் பாலிசியிலேயே எழுதியிருக்கும். கோர்ட்டில் இன்சூரன்ஸ் தரப்பு எடுத்த எடுப்பிலேயே கேட்பது, இந்தப் பயணத்துக்கு வாடகை கொடுத்தார்களா என்பதுதான். உங்கள் அக்கவுண்டன்ட் பத்திரமாக ஃபைல் செய்துவைத்த வவுச்சரே அதற்குப் பதிலாகிவிடும். அப்புறம் வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும். நூறு இருநூறு மிச்சம் பிடித்தது ஆபீஸ். அலைவது இறந்துபோனவரின் மனைவி. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

வாடகை டாக்சிக்கு மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து. நாமே ஓட்டிக்கொள்ளும் வாடகைக் காருக்குக் கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து. அரசின் எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டால் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றும் இன்சூரன்ஸும் எப்போது முடிகின்றன என்று உடனே தெரிந்துவிடும். வண்டி புக் செய்கிறவருக்கு இந்தப் பழக்கத்தை ஏற்படுத்துங்கள்.

சரி, காகிதமெல்லாம் பக்கா. டிரைவர் தூங்கினாரா? முந்தின ராத்திரி பெங்களூரு ஏர்போர்ட் டிரிப் முடித்து விடியற்காலம் திரும்பியவரை ஆறு மணிக்கு உங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். மோட்டார் தொழிலாளர்களுக்கு நாளுக்கு 8 மணி நேர வேலை என்று 1961லேயே சட்டம் போட்ட நாடு இது. டிராவல்ஸில் ரேட் பேசும்போதே, "நேற்று ராத்திரி இந்த டிரைவர் எங்கே இருந்தார்?" என்று கேளுங்கள். ஆக்டிங் டிரைவரானாலும் இதே கேள்விதான். ஊழியரே ஓட்டுவதானால் அவருடைய லைசென்ஸை வாங்கிப் பாருங்கள். நாள் முழுக்க வேலை பார்த்த மனிதரை ராத்திரி ஸ்டியரிங்கில் உட்காரவைக்காமல் லாட்ஜில் ரூம் போட்டுக் கொடுங்கள். எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று ஆபீஸில் இருந்தபடி முடிவு செய்கிறவர்தான் அந்த வண்டியின் வேகத்தையும் முடிவு செய்கிறார்.

ஏற்காட்டுக்கு வருகிறேன். வருஷாந்தர மீட்டிங், ஸ்டாஃப் டூர் என்று நிறையப் பேர் மேலே போகிறீர்கள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதைவிட இறங்குவதுதான் கண்டம். எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரில் இறங்கு என்று மலைப்பாதையில் பழகிய டிரைவர்கள் சொல்வார்கள். சமவெளியில் மட்டுமே ஓட்டியவர் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். பாதி வழியில் கருகல் வாடை வரும், பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும். வாடகைக்கு எடுத்த ஆட்டோமேட்டிக் காரை அன்றுதான் முதல்முறை ஓட்டுகிறவருக்கு, இறக்கத்தில் எப்படிக் குறைந்த கியருக்கு மாற்றுவது என்றே தெரியாமல் இருக்கும். சாவி வாங்கும் இடத்திலேயே அதைக் கேட்டுப் பழகிக்கொள்ளட்டும். குறுகலான இடத்தில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பதும் விதி. பனிமூட்டக் காலத்தில் மீட்டிங்கை மூன்று மணிக்கு முடியுங்கள், இல்லையென்றால் அங்கேயே தங்கவையுங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு இந்த மலைப்பாதையில் மண் சரிந்தது. அப்படிப்பட்ட நாளில் பயணத்தைத் தள்ளிவைக்கும் அதிகாரம் மேலாளருக்குத்தான் இருக்கிறது.

இன்னொன்று. காரில் கீறல் விழுந்தால் ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். பிடித்தால் அடுத்த முறை பிரேக்கில் சத்தம் வந்தாலும், எங்காவது இடித்திருந்தாலும் வாயைத் திறக்க மாட்டார். டயர் வழுவழுவென்று தேய்ந்திருந்தாலோ டிரைவர் கண் சொக்கினாலோ "இந்த வண்டி வேண்டாம்" என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு, அதற்காக யாரும் அவரைக் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று எழுதிக் கொடுங்கள். ராத்திரி பத்து மணிக்கு அவர் கூப்பிட்டாலும் எடுத்து, வேறு வண்டிக்கு ஏற்பாடு செய்யக்கூடிய ஒருவரின் நம்பரையும் அதே தாளில் போடுங்கள். வணக்கம்.